மண்டபமா, கூடாரமா? கதிர்காமப் பாதயாத்திரையில் படுக்கையும் சாப்பாட்டுப் பையும்

திருகோணமலையிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கத் தயாராகும் இளைஞர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி, கூடாரம் வாங்கலாமா என்பதுதான். இதற்கு என்னிடம் இரண்டு பதில்கள் உண்டு. கோணேசர் கோயிலில் இருந்து உகந்தைமலை வரைக்கும் ஒன்று. உகந்தை தாண்டிக் காட்டுக்குள் இறங்கிய பின் வேறொன்று.

உகந்தை வரைக்கும் மண்டபம்தான், சந்தேகமே வேண்டாம். கிண்ணியா, மூதூர், கிளிவெட்டி, வெருகல் என்று தெற்கே போகும் பாதையில் பொழுது சாயும் நேரத்துக்கு ஏதாவது ஒரு கோயில் வந்துவிடும். கூரை இருக்கிறது, கிணறு இருக்கிறது, பல இடங்களில் கழிப்பறையும் இருக்கிறது. கூட்டத்தில் பெண்கள் இருந்தால் இந்த ஒன்றே போதும், வேறு நியாயம் தேவையில்லை. கூடாரம் காப்பது மழையிலிருந்து. நாம் நடக்கும் ஆனி, ஆடியில் கிழக்கில் மழை ஏது? கச்சான் காற்றுதான் அனலாக அடிக்கும். நைலோன் துணிக்குள் படுத்தால் வேர்த்துக் கொட்டும். வெறுங்காலோடு தார் வீதியில் நடப்பவருக்கு முதுகில் கூடும் 2 கிலோவின் கனம் பாதத்தில் தெரியும்.

மண்டபத்திலும் குறை உண்டு. சீமெந்துத் தரை நடுச்சாமம் வரை பகல் சூட்டைக் கக்கும். அதைவிடப் பெரிய தொல்லை எலி. முதல் ஆண்டு ஒரு மடத்தில் எள்ளுருண்டைகளைப் பையின் பக்கவாட்டு உறையில் வைத்துவிட்டுத் தூங்கினேன். விடிந்து பார்த்தால் பெருவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே எள்ளுத் தூள் மட்டும் மிச்சம். அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதை ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர் நீளம். அங்கே 250-க்கும் மேற்பட்ட தங்குகுடில்கள் உள்ளன. பெரும்பாலானவை மூன்று பக்கச் சுவரோடு முன்புறம் திறந்தவை. அங்கும் இதே எலித்தொல்லைதான். பையைக் கயிற்றில் கட்டி, கயிற்றின் நடுவில் ஒரு தகரப் பேணியைக் கோத்துத் தொங்கவிடுகிறார்கள். கயிறு வழியே இறங்கும் எலி பேணியைத் தாண்ட முடியாது. நான் பால்மாப் பேணியின் மூடியைத் துளைத்து அப்படியே செய்கிறேன். அதற்குப் பிறகு ஓட்டை விழவில்லை. அரிசி சுமக்கவும் வேண்டாம். வழியெங்கும் அன்னதானம் கிடைக்கிறது.

உகந்தை தாண்டினால் கணக்கே மாறுகிறது. குமண, யால காடுகளுக்குள் ஐந்தாறு நாள் நடை. சாப்பாடு முழுவதும் தோளில். அமெரிக்கக் காடுகளில் கரடிக்குப் பயந்து உணவை உயரக் கிளையில் தொங்கவிடுவார்கள், அல்லது கரடி திறக்க முடியாத கெட்டிப் பெட்டியில் அடைப்பார்கள். நம் கரடிக்குப் புற்றுக் கறையானும் பாலைப்பழமும்தான் பெரிது. இங்கே உணவைத் தேடி வருவது யானை. பன்னிரண்டு அடிக் கிளை அதன் தும்பிக்கைக்கு எட்டும் தூரம்தான். உப்பும் அரிசியும் தேடி வீட்டுச் சுவரையே இடிக்கும் பிராணி அது.

கும்புக்கன் ஆற்றங்கரையில் ஓர் இரவு, என் பையில் இரண்டு மாம்பழங்கள் இருந்தன. பக்கத்தில் பாய் விரித்த முதியவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: "சாமி, மாம்பழம் வைத்திருக்கிறீர்களா? இப்போதே தின்று முடியுங்கள், தோலை ஆற்றோடு விடுங்கள்." செய்தேன். விடிகாலையில் மறுகரை மணலில் அகலமான காலடிகள், பக்கத்தில் ஈரம் காயாத இலத்தி.

ஆகவே காட்டுக்குள் என் தேர்வு தறப்பாளும் நுளம்பு வலையும். நாலு பக்கமும் திறந்திருப்பதால் நெருப்புக்கு அப்பால் என்ன அசைகிறது என்று தெரியும். மூடிய கூடாரத்துக்குள் அது தெரியாது. தேளுக்கும் உண்ணிக்கும் அஞ்சிக் கூடாரம்தான் வேண்டும் என்பவர்கள் மேல்துணியை விட்டுவிட்டு வலைப்பகுதியை மட்டும் எடுத்து வாருங்கள். ஆற்று மணலில் முளை நிற்காது. பையில் மணல் நிரப்பிப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டுங்கள். ஆனால் சாப்பாட்டோடு கூடாரத்துக்குள் படுக்காதீர்கள், மன்றாடிக் கேட்கிறேன். யானைக்கும் உங்கள் தலைக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய துணி. இருட்டுமுன் படுக்கையிலிருந்து தள்ளிச் சமைத்து, மிச்சமில்லாமல் முடித்துவிடுங்கள். அவலையும் பருப்பையும் திருகுமூடிப் போத்தலில் அடைத்து, பழமும் சர்க்கரையும் உகந்தையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போங்கள்.