ஹெச்டிஎம்எல் கத்துக்க எது சரி: டபிள்யூ3ஸ்கூல்ஸா, எம்டிஎன்னா, ஃப்ரீகோட்கேம்ப்பா?

வெப் பேஜ் கட்டுற மொழியான ஹெச்டிஎம்எல்ல ஒரு வில்லங்கம் இருக்கு, தப்பா எழுதினாலும் அது வாயத் தொறக்காது. பைத்தான்ல ஒரு கோலன் விட்டா செவப்பு எழுத்துல திட்டும், இங்க டேக்க (எது தலைப்பு, எது பத்தின்னு காட்டுற குறி) மூடாம விட்டாலும் ப்ரவுசர் தானே சமாளிச்சு பேஜ காட்டிடும், நாமளும் சரியாத்தான் எழுதிருக்கோம்னு நெனச்சிட்டு போய்ட்டே இருப்போம். அதனால இதுக்கு எந்த கைடுல ஆரம்பிக்கிறோம்ங்கிறது கொஞ்சம் முக்கியம்.

டபிள்யூ3ஸ்கூல்ஸ் தான் கூகுள்ல முன்னாடி வந்து நிக்கும், நம்மள்ல நெறைய பேரு ஆரம்பிச்சதும் அங்கதான். (பேர பாத்துட்டு வெப் ஸ்டாண்டர்ட் போடுற டபிள்யூ3சி அமைப்பு நடத்துறதுன்னு நெனைக்காதீங்க, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல, இது 1998லேர்ந்து ஒரு நார்வே கம்பெனியோடது.) ஒரு டேக், ரெண்டு வரி விளக்கம், கீழ 'ட்ரை இட் யுவர்செல்ஃப்' பட்டன், அவ்ளோதான். எதுவும் இன்ஸ்டால் பண்ண வேணாம், பயம் தெளியறதுக்கு இத அடிச்சுக்க ஆளில்ல. ஆனா பாட வரிசைய பாருங்க, டிவ் (தனக்குன்னு அர்த்தம் இல்லாத வெறும் பெட்டி டேக்) முன்னாடியே வந்துடுது, ஹெடர், நேவ், மெயின் மாதிரி அர்த்தம் உள்ள டேக் எல்லாம் ரொம்ப தள்ளித்தான் வருது, சார்செட் (எழுத்த எந்த முறைல படிக்கணும்னு ப்ரவுசருக்கு சொல்றது) பாடம் அதுக்கும் பின்னாடி. பாதில நிறுத்துற ஆளு (அதாவது முக்காவாசி பேரு) எதுக்கெடுத்தாலும் டிவ் போட்டே பழகிடுறான். டிவ்வுக்கு ஒரு கலரடிச்சு ஆன்கிளிக் (கிளிக் பண்ணா என்ன நடக்கணும்னு சொல்றது) வச்சா பாக்க பட்டன் மாதிரியேதான் இருக்கும், ஆனா கீபோர்டுல டேப் தட்டினா அங்க போய் நிக்காது, பார்வை இல்லாதவங்களுக்கு திரைய படிச்சு சொல்ற ஸ்க்ரீன் ரீடரும் அத பட்டன்னு சொல்லாது.

எம்டிஎன் நேர் எதிர். ஃபயர்ஃபாக்ஸ் ப்ரவுசர் பண்ற மொசில்லா 2005ல ஆரம்பிச்சது, ஏன் டிவ் வேணாம், ஏன் படத்துக்கு ஆல்ட் (படத்துல என்ன இருக்குன்னு சொல்ற வரி) வேணும்னு 'ஏன்' எல்லாம் பொறுமையா சொல்லும், சில சமயம் கொட்டாவி வர்ற அளவுக்கு. எனக்கு புடிச்சது ஹெட் (திரைல தெரியாம, பேஜ பத்தின தகவல் இருக்கிற பகுதி) பத்தின பாடம், அது ஆரம்பத்துலயே வந்துடும். அதுல ஜப்பானிய எழுத்த வச்சு, சார்செட்ட மாத்திட்டா எழுத்தெல்லாம் எப்படி கந்தலாகுதுன்னு காட்டுவாங்க, அந்த எடத்துல நீங்க 'வணக்கம்'னு போட்டு பாருங்க, தமிழ்ல பேஜ் பண்றவனுக்கு சார்செட்ட யூடிஎஃப்-8னு (எல்லா மொழி எழுத்தும் அடங்குற முறை) சொல்ற வரி ஏன் உசுருன்னு அப்பவே புரிஞ்சிடும். பேஜ் எந்த மொழின்னு சொல்ற லாங் ஆட்ரிப்யூட்டும் அங்கயே வரும், அதுல 'டிஏ'ன்னு குடுத்தாதான் இது தமிழ்னு ஸ்க்ரீன் ரீடருக்கு தெரியும். ஒரே எச்சரிக்கை, 'லேர்ன்' பகுதிக்கு போங்க, ரெஃபரன்ஸ் பக்கத்துல மொத நாளே விழுந்தீங்கன்னா ஓடியே போயிடுவீங்க.

ஃப்ரீகோட்கேம்ப் 2014ல வந்தது, காசு கெடையாது. பூனை போட்டோ பேஜ் ஒண்ண ஒவ்வொரு வரியா கட்ட வைக்கும், டெஸ்ட் பாஸானாதான் அடுத்த ஸ்டெப். வாய மூடிட்டு இருக்கிற ஹெச்டிஎம்எல்லுக்கு ஒரு கண்டிப்பான வாத்தியார் கெடச்ச மாதிரி. கொறைன்னா கைய புடிச்சே கூட்டிட்டு போறதுதான், அம்பது ஸ்டெப் முடிச்சவன்கிட்ட காலி ஃபைல் ஒண்ண குடுத்தா மொத வரி டாக்டைப்னு (இது ஹெச்டிஎம்எல் பேஜ்னு சொல்ற வரி) கூட தோணாம முழிப்பான். சர்வே ஃபார்ம் மாதிரி ப்ராஜெக்ட்ட தானா கட்டுற எடம் வந்தாதான் அது கொஞ்சம் சரியாகும்.

யூட்யூப் வீடியோக்கு ஒரே ரூல்தான், நடுவுல வைக்கிற சென்டர், எழுத்த மாத்துற ஃபான்ட் டேக்க சொல்லிக்குடுத்தா உடனே க்ளோஸ் பண்ணிடுங்க, 1997ல ஹெச்டிஎம்எல் 4 வந்தப்பவே அதெல்லாம் இனிமே வேணாம்னு ஒதுக்கியாச்சு.

என்ன கேட்டா எம்டிஎன் தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா மொத நாள் இல்ல. ஒரு வாரம் டபிள்யூ3ஸ்கூல்ஸ்ல கண்டபடி தட்டி பாருங்க, அப்புறம் எம்டிஎன்னுக்கு மாறி மொதல்லேர்ந்து படிங்க. ஆரம்பிச்சு ஆரம்பிச்சு பாதில விடுற ஆளா இருந்தா மட்டும் நடுவுல ஃப்ரீகோட்கேம்ப். எங்க கத்துக்கிட்டாலும் சொந்தமா ஒரு ஃபார்ம் கட்டினதும் மவுஸ கழட்டி வச்சுட்டு வெறும் டேப் கீய வச்சு அத ஃபில் பண்ணி அனுப்ப முடியுதான்னு பாருங்க, எந்த எடத்துல மாட்டிக்கிறீங்களோ அந்த பாடத்துக்கு திரும்ப போங்க.