சியாட்டில் டி-மொபைல் பார்க்: மேட்ச் புரியலன்னாலும் ரூஃப பாக்கவே போலாம்

பேஸ்பால் எனக்கு சுத்தமா பிடிபடாத ஆட்டம், ஆனா சிவில் படிச்சவங்க யாராவது சியாட்டில் பக்கம் போனா இந்த ஸ்டேடியத்த பாக்காம வராதீங்கன்னு தான் சொல்லுவேன் (2018 வரைக்கும் சேஃப்கோ ஃபீல்டுன்னு பேரு, பழைய ஆளுங்க இன்னும் அப்படித்தான் கூப்பிடுறாங்க). அஞ்சுக்கு நாலரை ஸ்டார்.

விஷயமே அந்த ரூஃப்தான். மூணு பேனல், எல்லாம் சேத்து 2.2 கோடி பவுண்ட், அதாவது கிட்டத்தட்ட 10,000 டன், இத்தனை வெயிட்டும் 128 ஸ்டீல் சக்கரத்துல தண்டவாளம் மேல நகருது, நகத்துறது 96 மோட்டார், ஒவ்வொண்ணும் வெறும் 10 ஹெச்.பி. தான்! காத்து எப்படி அடிக்குதுங்கறத பொறுத்து 10லேர்ந்து 20 நிமிஷத்துல தெறக்கும் மூடும். நகரும்போது போனை எடுத்து கூரைய ஷூட் பண்ணாதீங்க, வீடியோல ஒண்ணும் தெரியாது, கூரைய தாங்குற ஒரு ட்ரஸ்ஸோட (இரும்புச் சட்டம்) ஓரத்தையும் பின்னாடி இருக்குற மேகத்தையும் சேத்து பாத்துட்டே இருங்க, அப்பதான் இவ்ளோ பெருசு நெஜமாவே நகருதேன்னு ஒறைக்கும். முழுசா தெறந்தா மூணு பேனலும் ஒண்ணு மேல ஒண்ணா கிழக்கு பக்கம் ரயில்வே லைனுக்கு மேல போய் நின்னுக்கும், மேட்ச் நடுவுல கூட்ஸ் ரயில் ஹாரன் அடிச்சுட்டு போறது அங்க சகஜம்.

இதுல டிசைன் பண்ணவங்களுக்கு இருந்த தலைவலிய யோசிச்சு பாருங்க. ஸ்பான், அதாவது நடுவுல தூண் இல்லாம ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கம் தாண்டுற தூரம், 600 அடிக்கு மேல. 190 மீட்டர் இரும்பு 20 டிகிரி சூட்டு வித்தியாசத்துக்கே நாலு சென்டிமீட்டருக்கு மேல நீளும், அத ரெண்டு பக்கமும் இறுக்கி புடிச்சா ஏதாவது ஒண்ணு வளையும், லூசா விட்டா பூகம்பத்துல ஆடும். அதனால பெரிய பெரிய டேம்பர் வெச்சிருக்காங்க, உள்ள திரவம் இருக்குற சிலிண்டர், மெதுவா நீண்டா ஒண்ணும் பண்ணாது, படார்னு ஆடுனா எதுத்து நின்னு அந்த சக்திய சூடா மாத்திடும். சாதா கூரைக்கு ஒரு நிலைக்கு கணக்கு போட்டா போதும், இதுக்கு பாதி தெறந்திருக்கும்போது காத்தடிச்சா, மூடியிருக்கும்போது ஆறேழு அடி பனி விழுந்தான்னு ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியா மாடல் ஓட்டி பாக்கணும். கம்ப்யூட்டர் இல்லாம நடக்குற காரியமா இது? 1999 ஜூலைல தெறந்தாங்க, 2001 பிப்ரவரில 6.8 பூகம்பம் வந்துச்சு, அந்த ஏப்ரல்ல சீசன் இங்கயே ஆரம்பிச்சு ஜூலைல ஆல்-ஸ்டார் கேமும் (எல்லா டீம்லேர்ந்தும் டாப் பிளேயர்ஸ் ஆடுற மேட்ச்) நடந்துருச்சு.

இப்ப கட்டுறதெல்லாம் வேற லெவல், ஒரு வரிசை படியோட உயரத்த மாத்துனா மேல இருக்குற எல்லா வரிசைலயும் முன்னாடி இருக்கவன் தலை மறைக்குதா இல்லையான்னு மாடலே திருப்பி கணக்கு போட்டுக்கும். டிக்கெட் ஆப்ல சீட்லேர்ந்து எப்படி தெரியும்னு காட்டுறான்ல, அந்த கணக்கோட பலன்தான் நமக்கு அங்க தெரியுது.

ஆனா புதுசு எல்லாத்தையும் விட எனக்கு சியாட்டில் ஐடியாதான் பிடிச்சிருக்கு. டெக்சாஸ் ஆர்லிங்டன்ல 2020ல தெறந்த குளோப் லைஃப் ஃபீல்ட எடுத்துக்கோங்க, அங்கயும் நகர்ற கூரைதான், ஆனா மூடுனா உள்ள முழுக்க ஏசி, தரையும் செயற்கை புல். அந்த ஊர் வெயிலுக்கு அத தப்பு சொல்ல முடியாது. சியாட்டில்ல பிரச்சனை மழை மட்டும்தான், அதனால இவங்க கட்டுனது குடை, மேல மட்டும் மறைக்கும், பக்கமெல்லாம் தொறந்தே இருக்கும். ஏசி செலவு இல்ல, புல்லும் நெஜ புல்லு. மழைல ஆட்டம் நிக்கவும் நிக்காது.

அரை ஸ்டார் குறைச்சதும் அந்த தொறந்த பக்கத்துக்காகத்தான். ஏப்ரல் ராத்திரி மேட்ச்னா கூரை மூடியிருந்தாலும் குளிர் காத்து சும்மா உள்ள வந்து போகும், ஜாக்கெட் இல்லாம போகாதீங்க, கொழந்தைங்கள கூட்டிட்டு போறவங்க ஜூலை ஆகஸ்ட்ல போங்க.

சாப்பாடு பத்தி ரொம்ப எழுத ஒண்ணும் இல்ல, விலை ஸ்டேடியம் விலை. வறுத்த வெட்டுக்கிளி விக்கிறாங்க (சீரியஸா), மெக்சிகோ ஐட்டம், அதுக்குனே கூட்டம் வருது, நான் அந்த பக்கம் போகல. வாக்-ஆஃப் மார்க்கெட்னு ஒரு கடை இருக்கு, கார்ட காட்டி உள்ள போய் வேணுங்கறத எடுத்துட்டு வெளிய நடந்துடலாம், பில் போட ஆளே கிடையாது.

சீட்டுக்கு காசு நெறைய போடாதீங்க, மேல் டெக்ல மூணாவது பேஸ் பக்கம் எடுங்க, ரூஃப் நிக்கிற எடம் நேர் எதுத்தாப்ல வரும். கார் வேண்டாம், லைட் ரயில்ல ஸ்டேடியம் ஸ்டேஷன்ல இறங்கி நடந்துடலாம். டிக்கெட் கிடைக்கலன்னா டூர் இருக்கு, அதுவும் வேணாம்னா வெளிய தெருவுல நின்னு அண்ணாந்து பாருங்க, ரூஃபோட காலும் தண்டவாளம் போற பீமும் ஓசிலயே தெரியும்.