முதலில் பழுது பார்க்க எது நல்லது: ஸ்பெக்ட்ரமா, கமடோர் 64-ஆ, அமிகா 500-ஆ?

பழைய கணினி வாங்கிப் பழுது பார்க்கும் ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் பெயரையும் புகழையும் பார்த்துத்தான் முதல் மெஷினைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என் அளவுகோல் வேறு. நாற்பது வயதை ஒட்டிய ஒரு கணினியில் எது முதலில் சாகும், செத்த பாகத்துக்கு இன்று புதிதாக மாற்று கிடைக்குமா என்றுதான் முதலில் பார்ப்பேன். விளையாட்டு, கிராபிக்ஸ், சத்தம் எல்லாம் அப்புறம்.

இங்கே எடுத்துக்கொள்வது மூன்று மெஷின்கள்: 1982-இல் வந்த சிங்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே, அதே ஆண்டு வந்த கமடோர் 64, 1987-இல் வந்த அமிகா 500. மூன்றும் லட்சக்கணக்கில் விற்றவை, கமடோர் 64 ஒரு கோடிக்கும் மேல். அதனால் பழுதான மெஷின்கள் இன்றும் சந்தையில் கிடைக்கின்றன, ஒவ்வொரு கோளாறுக்கும் யாராவது எழுதிவைத்த குறிப்பும் இருக்கிறது. பழைய மேக்கின்டாஷை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. பெட்டிக்குள்ளேயே பிக்சர் டியூப் இருக்கிற மெஷினில் முதல்முறை கை வைக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஆளைத் தூக்கியடிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

எங்கிருந்து வாங்குவது என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ இருந்தால் உங்கள் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், பழைய டிவி முறை 'பால்' (PAL). பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் விற்ற மெஷின்கள் இதற்கு அப்படியே பொருந்தும். அமெரிக்க கமடோர் 64 விலை மலிவாகத் தெரியும், ஆனால் அதன் பவர் சப்ளை 120 வோல்ட்டுக்கானது, படமும் என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறை. டொராண்டோவில் இருப்பவர்களுக்கு இது தலைகீழ். ஸ்பெக்ட்ரத்தைப் பொறுத்தவரை அவர்களுக்கு உள்ளூரில் கிடைப்பது அதன் உறவான டைமெக்ஸ் சிங்க்ளேர் 2068-தான், அதில் ஸ்பெக்ட்ரம் நிரல்கள் பெரும்பாலும் அப்படியே ஓடாது.

மின்சாரம்

மூன்றிலும் ஆபத்தானது கமடோர் 64-இன் பவர் சப்ளை. கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு கனமான கட்டி, உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள், திறந்து சரிசெய்ய வழியில்லை. அதிலிருந்து 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் வெளியே வரும். உள்ளே மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் வயதாகிப் போகும்போது 5 வோல்ட் குறைவதில்லை, ஏறுகிறது. ஏறிய மின்னழுத்தம் நேராக மெமரி சிப்களுக்குப் போகும், நடுவில் தடுக்க எதுவும் கிடையாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின் ஒரு மாலையில் செத்துப்போனது என்று கேள்விப்பட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். சும்மா மல்டிமீட்டரை வைத்து 5 வோல்ட் காட்டுகிறதே என்று நம்பிவிட முடியாது. லோடு ஏறிச் சூடான பிறகுதான் அது தன் புத்தியைக் காட்டும். மெஷினோடு வந்த பழைய கட்டியைச் செருகவே வேண்டாம். புதிதாகச் செய்து விற்கும் பவர் சப்ளை வாங்கிவிடுங்கள், அந்தச் செலவையும் மெஷின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஸ்பெக்ட்ரத்துக்கு 9 வோல்ட் டிசி போதும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: அதன் பவர் பிளக்கில் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். இன்று கடையில் வாங்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. மாற்றிச் செருகினால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போய்விடும். அமிகா 500-இன் பவர் சப்ளை தனிப் பெட்டி, மூன்றிலும் நம்பகமானது அதுதான். 5, 12, மைனஸ் 12 ஆகிய மூன்றையும் அளந்து பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

போர்டில் சாகிறவை

ஸ்பெக்ட்ரம் என் மனதுக்கு நெருக்கமானது இந்த இடத்தில்தான். முதல் 16 கிலோபைட் மெமரிக்கு 4116 என்ற சிப்கள் எட்டு. இவற்றுக்கு மூன்று விதமான மின்னழுத்தம் வேண்டும்: 5, 12, மைனஸ் 5. போர்டிலேயே ஒரு சின்னக் காயிலும் டிஆர்4 என்ற டிரான்சிஸ்டரும் சேர்ந்து 12-ஐயும் மைனஸ் 5-ஐயும் உண்டாக்குகின்றன. இந்த டிஆர்4 போனால் மைனஸ் 5 நின்றுவிடும், அது நின்றால் 4116-கள் ஒவ்வொன்றாகச் சாகும். ஆக, பழுதான ஸ்பெக்ட்ரத்தில் எங்கே தொடங்குவது என்ற குழப்பமே கிடையாது. ஒரு 4116-இன் 1-ஆம் காலில் மைனஸ் 5, 8-இல் 12, 9-இல் 5 இருக்கிறதா என்று பாருங்கள், 16-ஆம் கால் கிரவுண்ட். இந்த மூன்று அளவுகளிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். டிஆர்4-ஐ மாற்றி, மின்னழுத்தம் சரியான பிறகுதான் மெமரி சிப்களில் கை வைக்க வேண்டும். வரிசையை மாற்றினால் புது சிப்களும் சாகும்.

மேலே உள்ள 32 கிலோபைட்டின் கதை இன்னும் சுவையானது. 64 கிலோபிட் சிப் செய்யும்போது ஒரு பாதி மட்டும் பழுதாகி வந்தவற்றை சிங்க்ளேர் நிறுவனம் மலிவாக வாங்கி, நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தியது. எந்தப் பாதி நல்லது என்பதைப் போர்டில் ஒரு கம்பி இணைப்பு சொல்லும். இன்று அவை போனால் முழுதாக நன்றாக இருக்கும் 64 கிலோபிட் சிப்பான 4164 போட்டால் போதும். 4116-க்குப் பதிலாக 5 வோல்ட் மட்டுமே கேட்கும் புது மாட்யூல்களும் உண்டு.

இந்த போர்டில் வேறெங்கும் கிடைக்காத சிப் ஒன்றே ஒன்றுதான்: படத்தையும் விசைப்பலகையையும் கவனிக்கும், ஃபெராண்டி நிறுவனம் செய்துகொடுத்த யுஎல்ஏ. அதையும் கிறிஸ் ஸ்மித் என்பவர் உள்ளும் புறமும் ஆராய்ந்து, அது எப்படி வேலை செய்கிறது என்று முழுவதும் எழுதிவைத்துவிட்டார். கடையில் கிடைக்கும் சாதாரண லாஜிக் சிப்களை வைத்தே முழு ஸ்பெக்ட்ரத்தையும் கட்டிவிடலாம் என்று ஹார்லெக்வின் என்ற போர்டில் காட்டியும்விட்டார். யுஎல்ஏ-வுக்கு நேர் மாற்றும் வந்துவிட்டது. இசட்80 பிராசஸரின் பழைய 40 கால் வடிவத்தை நிறுத்துவதாக ஜைலாக் 2024-இல் அறிவித்தது உண்மைதான், ஆனால் ஊரெல்லாம் கொட்டிக்கிடக்கும் சிப் அது. இன்னும் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை.

கமடோர் 64 இதற்கு நேர் எதிர். கமடோர் நிறுவனம் எம்ஓஎஸ் டெக்னாலஜி என்ற சிப் ஆலையையே சொந்தமாக வைத்திருந்தது, அதனால் தனக்கென்றே சிப்கள் செய்துகொண்டது. படத்துக்கு விக்-2, சத்தத்துக்கு சிட், எல்லாவற்றையும் இணைக்க பிஎல்ஏ. 1994-இல் கமடோர் திவாலானது, இவற்றைச் செய்ய ஆளில்லாமல் போனது. கறுப்புத் திரை வந்தால் பிஎல்ஏ-வா, மெமரியா, பிராசஸரா, விக்-2-வா என்று சொல்வது கஷ்டம். மெமரி என்றால் மட்டும் 'டெட் டெஸ்ட்' கார்ட்ரிட்ஜ் கைகொடுக்கும்: திரை எத்தனை முறை மின்னுகிறது என்பதை எண்ணினால் எந்த சிப் போனது என்று தெரிந்துவிடும். பிஎல்ஏ-வுக்கு நல்ல நவீன மாற்று கிடைக்கிறது.

சிட் மட்டும் தனி வேதனை. பாப் யானெஸ் வடிவமைத்த அந்த சிப்பில் மூன்று குரல்கள், ஓர் அனலாக் ஃபில்டர். 6581 வகையில் அந்த ஃபில்டர் சிப்புக்கு சிப் மாறும், ஒன்று ஒலிப்பதுபோல் இன்னொன்று ஒலிக்காது. இசைக் கலைஞர்களும் இதைத் தேடி வாங்கினார்கள், சிட் சிப்பை வைத்து சிந்தசைசரே செய்து விற்றார்கள். விளைவு, நல்ல சிட் அரிதாகிவிட்டது. வேறு ஏதோ சிப்பின் மேல் எழுத்தை அழித்து 6581 என்று அச்சிட்ட போலிகளும் ஏராளமாகச் சுற்றுகின்றன. ஆர்ம்சிட், எஃப்பிஜிஏசிட் போன்ற மாற்றுகள் வேலை செய்கின்றன, அதில் குறையில்லை. ஆனால் கமடோர் 64 வாங்குகிறவர் பாதி அந்தச் சத்தத்துக்காகத்தான் வாங்குகிறார். ஆகவே சிட் ஒலிக்கிறது என்று வீடியோவில் காட்டாத மெஷினை சிட் இல்லாத விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

அமிகா 500-இல் அக்னஸ், டெனிஸ், பாலா என்று பெயர் வைத்த சிப்கள். தானாகச் சாவது குறைவு, பெரும்பாலும் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். பல நேரம் கழற்றி, காலைத் துடைத்து, திரும்ப அழுத்தி உட்காரவைத்தாலே மெஷின் எழுந்துவிடும். மெஷின் ஓடும்போதே பிரிண்டரையும் ஜாய்ஸ்டிக்கையும் பிடுங்கிச் செருகுவதால் அவற்றை இணைக்கும் 8520 சிப்கள் போவதுண்டு. இங்கே உண்மையான எதிரி பேட்டரி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

படமும் நிரலும்

ஸ்பெக்ட்ரம் தருவது ஆன்டெனா சிக்னல் மட்டும்தான். உள்ளே அதை உண்டாக்கும் மாடுலேட்டரைத் துண்டித்து, டிவியின் வீடியோ சாக்கெட்டுக்கு நேராகப் போகும் காம்போசிட் சிக்னலை வெளியே எடுக்கும் வேலை அரைமணி நேரத்தில் முடியும், இந்த மெஷினுக்கு முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். கமடோர் 64-இல் காம்போசிட் ஏற்கெனவே இருக்கிறது, கேபிள் வாங்கினால் போதும். அமிகா 500-இன் காம்போசிட் கறுப்பு வெள்ளை. நிறம் வேண்டுமென்றால் ஆர்ஜிபி போர்ட்தான், அந்த 15 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை இன்றைய மானிட்டர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. ராஸ்ப்பெர்ரி பை ஜீரோ என்ற குட்டிக் கணினியைச் செருகும் சிறிய போர்டை டெனிஸ் சிப்புக்கு அடியில் வைத்து நேராக எச்டிஎம்ஐ எடுக்கலாம். படம் கண்ணாடிபோல் இருக்கும், ஆனால் அது கூடுதல் செலவு.

நிரல் ஏற்றுவதில் ஸ்பெக்ட்ரத்தை அடிக்க ஆளில்லை. கேசட்டுக்குப் பதிலாக போனின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒரு வயரை இயர் சாக்கெட்டில் செருகி ஒலிக்கோப்பை ஓடவிட்டால் போதும். 48 கிலோபைட் ஏற நான்கைந்து நிமிடம். கீச்சென்ற அந்தச் சத்தமும் திரை ஓரத்தில் ஓடும் வண்ணக் கோடுகளும் எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை. கமடோர் 64-க்கு எஸ்டி கார்டிலிருந்து நிரல் ஏற்றும் எஸ்டி2ஐஇசி, அமிகாவுக்கு ஃப்ளாப்பி டிரைவ் இருந்த இடத்தில் யுஎஸ்பி ஸ்டிக்கிலிருந்து ஏற்றும் கோடெக். இரண்டும் மலிவு, இரண்டுமே நன்றாக வேலை செய்கின்றன.

விசைப்பலகையில் மட்டும் ஸ்பெக்ட்ரம் தோற்கிறது. ரப்பர் பொத்தானுக்கு அடியில் உள்ள மெம்பிரேன் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாள் காய்ந்து, வால் பகுதி உடைந்துவிடும். புதிது வாங்கித்தான் போட வேண்டும், போட்ட பிறகும் தட்டுவதற்கு அது ரப்பர்தான். அமிகாவில் கடிதமே எழுதலாம்.

பெட்டி மஞ்சளாவதையும் சொல்ல வேண்டும். கறுப்பு ஸ்பெக்ட்ரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. மற்ற இரண்டும் மஞ்சளாகும். ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கவைப்பதை நான் ஆதரிக்கவில்லை. திட்டுத்திட்டாக வெளுக்கும் அபாயம் உண்டு, மஞ்சள் திரும்பியும் வரும். சோப்புத் தண்ணீரில் கழுவி விட்டுவிடுங்கள்.

என் தேர்வு

சால்டரிங் அயர்னை இப்போதுதான் பிடிக்கிறீர்கள் என்றால் ஸ்பெக்ட்ரம், சந்தேகமே வேண்டாம். கோளாறுக்குக் காரணம் தெளிவு, எல்லாப் பாகத்துக்கும் மாற்று உண்டு, வீட்டு மின்சாரம் போர்டுக்குள் வருவதே இல்லை. செத்த சிப்பை முழுசாகப் பிடுங்கப் பார்க்காமல் கால்களை வெட்டி ஒவ்வொன்றாகச் சூடாக்கி எடுங்கள், அந்த போர்டின் காப்பர் டிராக் சூடு தாங்காது. இந்த ஒரு மெஷினில் கற்றுக்கொள்வது மற்ற எல்லாவற்றுக்கும் உதவும்.

கமடோர் 64-ஐ இரண்டாவதாக வாங்குங்கள், சிட் சத்தத்தில் மனம் பறிகொடுத்தவர்கள் மட்டும் முதலிலேயே வாங்கலாம். பழுது பார்ப்பதைவிடப் பயன்படுத்துவதில்தான் ஆசை அதிகம் என்றால் அமிகா 500. விளையாட மட்டும்தான் ஆசை என்றால் எதையும் வாங்க வேண்டாம், இன்றைய கணினியிலேயே பழைய மெஷினைப்போல் ஓடும் எமுலேட்டர் மென்பொருள் போதும். இருக்கிற பழைய மெஷின்கள் பழுது பார்க்க விரும்புகிறவர்கள் கைக்குப் போகட்டும்.

பிபிசி மைக்ரோவை விட்டுவிட்டாயே என்று சிலர் கேட்பார்கள். 1980-களின் நடுவில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த மெஷின் அது, நம்மில் சிலருக்கு முதல் கணினியே அதுதான். கட்டுமானத்தில் இந்த மூன்றையும்விட உறுதி. ஆனால் பவர் சப்ளை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, அதிலுள்ள ரிஃபா என்ற பிராண்ட் கெபாசிட்டர்கள் வெடித்து அறை முழுக்கப் புகை பரப்புவதில் பேர்போனவை. கை பழகிய பிறகு வாங்க வேண்டியது.

இனி பேட்டரி. அமிகா 500 போர்டில் பேட்டரி கிடையாது, ஆனால் அடியில் செருகும் ஏ501 மெமரி கார்டில் உண்டு. பின்னால் வந்த ஏ500 பிளஸில் மெயின் போர்டிலேயே நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கிறது. இது கசிந்து பக்கத்து சிப்களின் காலையும் டிராக்கையும் அரித்துவிடும். ஏ600, ஏ1200 ஆகியவற்றில் பேட்டரி இல்லை, பதிலாக அவற்றின் சின்ன கெபாசிட்டர்கள் கசியும். ஆகவே வாங்கும்போது பெயரில் பிளஸ் இருக்கிறதா என்று பாருங்கள், போர்டின் படம் கேளுங்கள், பச்சை பூத்திருந்தால் விட்டுவிடுங்கள். உறவினர் வீட்டுப் பரணில் ஏற்கெனவே ஒன்று கிடக்கிறதென்றால் ஓடுகிறதா என்று சோதிக்கக்கூட காத்திருக்க வேண்டாம். திறந்து, பேட்டரியை வெட்டி எடுத்து, கசிந்த இடத்தை வினிகர் தொட்டுத் துடைத்து, தண்ணீரில் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு நன்றாகக் காயவையுங்கள். மெஷினை ஆன் செய்வது அதற்குப் பிறகுதான்.