‘போடப் போட லூஸ் ஆயிடும்’ என்று சொன்னால் டேப்பை எடுங்கள்

புதுச்சேரியில் ரா டெனிம் ஜீன்ஸ், அதாவது தைத்த பிறகும் துவைக்காமல் அப்படியே விற்கிற ஜீன்ஸ், வாங்கலாம் என்று கிளம்புகிறவர்கள், அதுவும் பழைய காலத்து மாடல் கட்டிங் தேடிப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். 8,800 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய பேண்ட், ஒரே ஒரு ஊறலில் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. இடுப்பில் பட்டனுக்கும் காஜாவுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. மூச்சை இழுத்துப் பிடித்தால் ஒரு விரல். கடையின் பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள். புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

நான் கடலூர் மஞ்சக்குப்பம். வேலை பாண்டியில், தினமும் பைக்கில் போய் வருகிறேன். ஜீன்ஸ் பைத்தியம் என்று வீட்டில் சொல்வார்கள், அந்த அளவுக்கெல்லாம் இல்லை. ஆனால் 1947 மாடல் கட்டிங்கில், ஜிப் இல்லாமல் பட்டன் வைத்த, தண்ணியே படாத ஒரு ஜீன்ஸ் வாங்கி, நாலைந்து வருஷம் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. டெனிமில் நீலம் நூலின் மேல்தோலில் மட்டும்தான் இருக்கும், உள்ளே வெள்ளை. அதனால்தான் நாம் உட்கார்ந்து எழும் மடிப்பிலெல்லாம் நாளாக நாளாக வெளுத்து, அவரவர் உடம்புக்கென்று ஒரு கோலம் விழுகிறது. ஏற்கெனவே கல்லில் தேய்த்து வெளுக்க வைத்து விற்கிற பேண்ட்டில் அது கிடைக்காது.

கடைக்காரப் பையன் நன்றாகத்தான் பேசினான். எனக்கு இடுப்பு, பேண்ட் உட்காருகிற இடத்தில், சரியாக 33. அவன் எடுத்துக் கொடுத்தது 32 என்று ஸ்டிக்கர் ஒட்டிய பேண்ட். டேப் வைத்து அளந்தும் காட்டினான், பட்டையில் 33 இருந்தது. போட்டால் பட்டன் விழுந்தது, ஆனால் இறுக்கம்.

“டைட்டா இருக்கே தம்பி.”

“டைட்டாத்தாண்ணா எடுக்கணும். ரா டெனிம் போடப் போட ஒரு இஞ்ச் லூஸ் குடுக்கும். நீங்க 34 எடுத்தீங்கன்னா ஒரே மாசத்துல தொளதொளன்னு ஆயிடும், அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க.”

“தண்ணியில போட்டா சுருங்காதா?”

“செல்வெட்ஜ்ணா இது!” என்று காலை உள்பக்கமாகத் திருப்பி, தையல் ஓரத்தில் ஓடிய சிவப்புக் கோட்டைக் காட்டினான். நானும் மண்டையை ஆட்டினேன்.

அங்கேதான் நான் முதலில் ஏமாந்தது. செல்வெட்ஜ் என்றால் பழைய நாடா தறியில் நெய்த துணியின் கட்டிய ஓரம், அவ்வளவுதான். வேட்டிக்குக் கரை மாதிரி. பிசிர் பிரியாது என்பதற்கு அது அத்தாட்சி, சுருங்காது என்பதற்கு இல்லை. கரை இருக்கிறது, அதனால் வேட்டி சுருங்காது என்று யாராவது சொன்னால் சிரிப்போம். அதையே இங்கிலீஷ் பேரில் சொன்னால் எட்டாயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுக்கிறோம்.

உள்கால் நீளம் 34 அங்குலம் இருந்தது. எனக்கு 30 போதும். “சுருங்காதுண்ணா, இங்கயே வெட்டிடலாம்” என்று கடைக்குப் பின்னால் இருந்த டெய்லரிடம் கொடுத்து அப்போதே வெட்டி மடித்துத் தைத்துவிட்டார்கள். வெட்டின இரண்டு வளையத்தையும் டெய்லர் பையில் போட்டுக் கொடுத்தார். பில் கேட்டேன். ஒரு துண்டுச் சீட்டில் தேதியும் தொகையும் எழுதிக் கொடுத்தான். கிளம்பும்போது இன்னொரு யோசனையும் சொன்னான்: “போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை வெந்நீர்ல உப்பு போட்டு ஊற வைங்கண்ணா, சாயம் நின்னுடும்.” இது பாதி ஊர் நம்புகிற கதை. நீலச்சாயம் உப்புக்கோ வினிகருக்கோ நிற்கிற ஜாதி இல்லை. அது நூலின் மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது, உரசினால் வரும். ஆரம்பத்தில் சட்டை, பைக் சீட்டு, சோபா எல்லாவற்றிலும் அப்பும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்டாவில் வெந்நீர் போட்டு, பேண்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி அமுக்கினேன். பத்து நிமிஷத்தில் தண்ணீர் கத்திரிப்பூ நிறத்துக்கு வந்து, அப்புறம் கருநீலமானது. அம்மா வந்து எட்டிப் பார்த்தார். “இன்னாடா இது, கோடித்துணியா? ஜாக்கெட்டுக்கு லைனிங் துணியைக்கூட நனைச்சு காய வெச்சுத்தான் டெய்லர்கிட்ட குடுக்கறேன். நீ வெட்டித் தெச்சுட்டு வந்து நனைக்கறியே?” என்றார். அம்மா ஜீன்ஸ் போட்டவர் கிடையாது. ஆனாலும் அந்தக் கடையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியாததாகக் காட்டிக்கொண்ட விஷயம் அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. குறிஞ்சிப்பாடியில் இருந்து வரும் புதுக் கைலியை நாமே ஒரு தண்ணி போட்டுவிட்டுத்தானே கட்டுகிறோம்? எனக்கு மட்டும் ஏன் அன்றைக்குத் தோன்றவில்லை!

இதைவிடப் பெரியது ஒன்று அந்த அண்டாவில் நடந்தது. அரை மணி நேரம் கழித்துப் பேண்டைத் திருப்பிப் போடும்போது வெள்ளையாக ஒன்று மேலே மிதந்தது. கடையில் இடுப்புக்குள் ஒட்டியிருந்த விலை ஸ்டிக்கர். 32 என்ற சைஸும் விலையும் அச்சடித்த, தீப்பெட்டி அளவு ஸ்டிக்கர். அது இருந்த இடத்தில் கம்பெனிக்காரன் தைத்த துணி லேபிள் தெரிந்தது. அதில் இரண்டாவது வரி: ஷ்ரிங்க் டு ஃபிட். அதாவது சுருக்கிப் போட வேண்டிய பேண்ட். கம்பெனிக்காரன் ஒழுங்காக எழுதித்தான் அனுப்பியிருக்கிறான். கடையில் அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மூடியிருக்கிறார்கள்.

நிழலில் காய வைத்து அளந்தேன். 33 இருந்த இடுப்பு 31. வெட்டித் தைத்து 30 இருந்த கால் 27¼. கவட்டையில் இருந்து இடுப்புப் பட்டை வரை உள்ள முன்பக்க உயரம் ஏறக்குறைய ஒரு அங்குலம் குறைந்திருந்தது. பைக்கில் காலைத் தூக்கிப் போட்டால் எங்கே பிடிக்கும் என்று ஆண்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் ஏமாற மாட்டீர்கள். தறியில் பாவு நூலை விறைப்பாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு நெய்கிறார்கள். முதல் தடவை தண்ணீர் பட்டதும் நூல் ஊதுகிறது, இழுத்த விறைப்பு தளர்கிறது, துணி தன் உண்மையான அளவுக்குத் திரும்புகிறது. பாவு ஓடுகிற நீள வாக்கில் அதிகமாகவும், குறுக்கில் கொஞ்சம் குறைவாகவும் சுருங்கும். இதை மில்லிலேயே ஈரமும் சூடும் ரப்பர் பெல்ட்டும் வைத்து முன்கூட்டியே சுருக்கிவிடும் முறைக்கு சான்ஃபரைஸ் என்று பெயர். சான்ஃபோர்ட் குளூயட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது, 1930களில் பரவியது. அப்படிச் செய்த துணி அதற்குப் பிறகு 1 முதல் 3 சதவீதம்தான் சுருங்கும். செய்யாத துணி 8 முதல் 10 சதவீதம் வரை போகும். என்னுடையது நீளத்தில் சுமார் 9.

அதாவது, தண்ணி படாத ஜீன்ஸில் இரண்டு ஜாதி இருக்கிறது. கடையில் தொங்கும்போது இரண்டும் ஒரே விறைப்பு, ஒரே கருநீலம். கையால் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது, கண்டுபிடிப்பேன் என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம். முன்சுருக்கம் செய்ததை இறுக்கமாக எடுக்கலாம், இடுப்பு போடப் போடக் கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். செய்யாததைப் பெரிதாக எடுக்க வேண்டும். அந்தப் பையன் சொன்ன ‘டைட்டா எடுங்க’ பொய் இல்லை. முதல் ஜாதிக்கான உண்மையை இரண்டாவது ஜாதிக்குச் சொல்லி விற்றான். என் அளவுக்குக் கையில் இருந்தது 32 மட்டும்தான் என்று எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நேராகக் கடைக்குப் போனேன். போவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். டெய்லர் கொடுத்த இரண்டு வளையத்தில் ஒன்றை மட்டும் வெந்நீரில் நனைத்துக் காய வைத்தேன். வெட்டும்போது இரண்டும் 3 அங்குலம், மீதி ஒரு அங்குலம் மடித்துத் தைத்ததில் போய்விட்டது. கல்லாவின் மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நனையாதது 3, நனைந்தது 2¾. கால் அங்குலம்தானே என்று தோன்றும், 30 அங்குலத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டரை. முதலாளி பார்த்தார். டேப்பை வாங்கி அவரே ஒரு தடவை அளந்தார். அளந்துவிட்டு, “துவைச்ச பேண்டை எந்தக் கடையிலும் திரும்ப எடுக்க மாட்டாங்க சார்” என்றார்.

“வெந்நீர்ல ஊற வைங்கன்னு உங்க பையன்தானே சொன்னாரு?”

“அவன் சின்னப் பையன் சார்.”

சின்னப் பையனைக் கல்லாவுக்கு முன்னால் நிற்க வைத்து எட்டாயிரத்து எண்ணூறு ரூபாய்க்குப் பேண்ட் விற்பார்களாம். நான் பதில் பேசாமல் ஹேங்கரில் தொங்கிய மற்ற பேண்ட்டுகளின் இடுப்பைத் திருப்பிப் பார்த்தேன். ஐந்து. ஐந்திலும் ஸ்டிக்கர் அதே லேபிளின் அதே இரண்டாவது வரியின் மேல். போன் எடுத்துப் படம் பிடித்ததும்தான் குரல் இறங்கியது. இன்னும் மூவாயிரம் போட்டு வேறு பேண்ட் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

சரி, அப்படியானால் எப்படி வாங்குவது? டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். சைஸ் நம்பரைப் பார்க்காதீர்கள், 32 என்று எழுதி 33 இருந்த கதைதான் மேலே சொன்னது. உங்களுக்குப் பொருந்துகிற பழைய பேண்ட் ஒன்றைத் தரையில் விரித்து இடுப்பு, தொடை, முன்பக்க உயரம், உள்கால் நான்கையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1947, 1955 மாடல் கட்டிங் எல்லாம் இடுப்பில் கொஞ்சம் மேலே உட்காரும். இப்போதைய லோ வெயிஸ்ட் பழக்கத்தில் இடுப்பெலும்பை அளந்துவிட்டுப் போனால் கணக்குத் தப்பும், தொப்புளுக்குக் கீழே இரண்டு மூன்று விரலில் அளங்கள். 55 மாடல் தொடையில் பெட்டி மாதிரி அகலம், 1966 மாடல் கீழே போகப் போகக் குறுகும். தொடை பெருத்தவர்கள் 66 பக்கம் போகாதீர்கள், அது சுருங்கிய பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

சுருங்குகிற ஜாதி என்றால் இடுப்பில் இரண்டு அங்குலம் போகும், போட்டுப் பழகினால் ஒரு அங்குலம் திரும்பி வரும். காலில் மூன்று அங்குலம் போகும், அது திரும்பி வராது. லேபிளில் ‘ஒன் வாஷ்’ என்று இருந்தால் பெரும்பகுதி சுருக்கம் முடிந்தது என்று அர்த்தம், அளந்த அளவையே நம்பலாம். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் கிடைக்கிற பழைய பேண்ட்டுக்கும் இது பொருந்தும். பல தண்ணி பார்த்த துணி, கையில் இருக்கிற அளவுதான் கடைசி அளவு.

எதுவாக இருந்தாலும் இரண்டு தண்ணிக்கு முன்னால் காலை வெட்டாதீர்கள். அதுவரை மடித்து விட்டுக்கொள்ளுங்கள், பழைய மாடலுக்கு அதுவும் அழகுதான். நான் அன்றைக்கு வெட்டாமல் இருந்திருந்தால் 34 இருந்த கால் 31-இல் நின்றிருக்கும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தாயிற்று. பில் கொடுக்காததும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன நாளுக்குள், எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. ‘எக்ஸ்சேஞ்ச் கிடையாது’ என்று போர்டு மாட்டினால் அது மாறிவிடாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. துண்டுச் சீட்டு, ஜிபே ரசீது, ஐந்து ஸ்டிக்கர் படம், அண்டாவில் மிதந்த ஸ்டிக்கர், இரண்டு வளையம் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

பேண்டை ஈரத்தோடு போட்டு உட்கார்ந்து இழுத்தும் பார்த்தேன், மேல் பட்டன் கடைசி வரை விழவில்லை. ஒன்பதாவது படிக்கிற அக்கா மகன் போட்டுப் பார்த்தான், கச்சிதமாக இருக்கிறது. “மாமா, எனக்கா?” என்று கேட்டான். கேஸ் முடியட்டும்டா என்று சொல்லி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவன் அதற்குள் வளர்ந்துவிடுவான் என்றுதான் நினைக்கிறேன்.