74 கிலோவுக்கு இரைப்பை அறுவை சிகிச்சை தேவையா? கோவை மருத்துவமனை ஒன்றில் எங்கள் குடும்ப அனுபவம்

உடல் பருமன் அறுவை சிகிச்சை என்றாலே 130 கிலோ, 150 கிலோ இருந்தவர்களின் 'முன்பு – பின்பு' படங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். அவர்களுக்கு இந்தச் சிகிச்சை பெரிய வரம். நான் எழுதுவது அந்த அளவுக்குப் போகாதவர்களுக்காக. பார்த்தால் கொஞ்சம் பூசினாற்போலத் தெரியும், கணக்குப் போட்டால் பதினைந்து கிலோ கூடுதல் என்று வரும், மாடி ஏறினால் முழங்கால் வலிக்கும், ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர்' என்று எழுதியிருக்கும். நானும் அதில் ஒருத்தி. வயது 42, உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 29.6. கரூரில் பள்ளியில் கணக்கு ஆசிரியை.

என் அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுபவர், பார்வைக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் பருமன். 166 செ.மீ., 88 கிலோ, பிஎம்ஐ 32க்குப் பக்கம். அவருக்கு இந்த அறுவை சிகிச்சை நடந்து நன்றாக இருக்கிறார். அவரோடு துணைக்குப் போன என்னையும் அதே மருத்துவமனையில் செய்துகொள்ளச் சொன்னார்கள். நான் வேண்டாம் என்று வந்துவிட்டேன். அவர் செய்துகொண்டது எவ்வளவு சரியோ, நான் செய்துகொள்ளாததும் அவ்வளவு சரி என்று நினைக்கிறேன். மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை. கோபப்பட வேண்டிய ஆட்களும் கையெடுத்துக் கும்பிட வேண்டிய ஆட்களும் அங்கே ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள்.

முதலில் மாமா. ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம். பதினோரு வருடமாகச் சர்க்கரை. மாத்திரைகளைக் கூட்டிக் கூட்டி, கடைசியில் காலையும் இரவும் இன்சுலின் ஊசி. சோற்றைக் குறைத்தார், காலையில் நடந்தார், அப்படியும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9க்குக் கீழே இறங்கவே இல்லை. சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்ததும் அவருடைய சர்க்கரை டாக்டரே இந்த மருத்துவமனைக்கு அனுப்பினார். இதைக் கவனிக்க வேண்டும். மாமா எடை குறைய வேண்டும் என்று போகவில்லை, சர்க்கரைக்காகப் போனார்.

அங்கே பரிசோதனைகள் ஒழுங்காக நடந்தன. கணையம் இன்னும் இன்சுலின் சுரக்கிறதா என்று பார்க்க சி-பெப்டைட், வயிற்றில் புண் இருக்கிறதா என்று பார்க்க எண்டோஸ்கோபி, ராத்திரி மூச்சு நிற்கிறதா என்று தூக்கப் பரிசோதனை. அறுவை சிகிச்சை நிபுணர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இரைப்பையின் மேல்பகுதியைப் பிரித்து, சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையாக ஆக்கி, அதைச் சிறுகுடலில் கொஞ்சம் கீழே தள்ளி இணைப்பார்கள். மிச்ச இரைப்பையை வெட்டி எடுப்பதில்லை, உள்ளேயேதான் இருக்கும். இதற்குப் பெயர் பைபாஸ். சாப்பாடு சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமல் போவதால் குடல் ஹார்மோன்கள் மாறுகின்றன, அதனால் எடை குறைவதற்கு முன்பே சர்க்கரை இறங்க ஆரம்பிக்கும் என்றார். அப்படித்தான் நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போதே இன்சுலின் அளவு பாதிக்கும் கீழே.

அக்கா கேட்டாள்: "இதோட சர்க்கரை சுத்தமா போயிருங்களா சார்?" அவர் சொன்ன பதிலுக்காகவே அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. "பதினோரு வருஷச் சர்க்கரைம்மா. போகலாம், பாதி போகலாம், போயிட்டு சில வருஷம் கழிச்சுத் திரும்பியும் வரலாம். ஆனா இப்ப இருக்கிறதைவிட நல்லா இருக்கும்."

வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஸ்டாம்பீட் என்று ஓர் ஆய்வு. பிஎம்ஐ 27 முதல் 43 வரை உள்ள 150 சர்க்கரை நோயாளிகளைப் பிரித்து, சிலருக்கு மருந்து மட்டும், சிலருக்கு மருந்தோடு அறுவை சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து வருடம் கழித்து ஹெச்பிஏ1சி 6 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள்: மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம், ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் இன்னொரு முறை) செய்தவர்களில் 23 சதவீதம், பைபாஸ் செய்தவர்களில் 29 சதவீதம். ஐந்துக்கும் இருபத்தொன்பதுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. ஆனால் பைபாஸ் செய்தும் நூற்றுக்கு 71 பேர் அந்த எல்லையைத் தொடவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். டாக்டர் சொன்னது அதைத்தான்.

காப்பீட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பணம் வரவில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019 விதிப்படி பிஎம்ஐ 40 இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 35க்கு மேல் இருந்து, கூடவே கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல் மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். மாமாவின் 32க்கு வழியே இல்லை. அக்கா நகையை வங்கியில் வைத்தாள். 35க்குக் கீழே இருப்பவர்கள் கைக்காசுதான் என்று நினைத்துக்கொண்டே போக வேண்டும்.

இப்போது இரண்டு வருடம் ஆகிவிட்டது. எடை 69. இன்சுலின் இல்லை, ஒரே ஒரு மாத்திரை, ஹெச்பிஏ1சி 6.4. ஆனால் அவர் சாப்பிடுவதை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதலில் முட்டையோ சுண்டலோ, அப்புறம்தான் இட்லி. ஒன்றரை இட்லியைத் துளித்துளியாகப் பிய்த்து, நன்றாக மென்று முடிக்க அரை மணி நேரம். சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது, முடித்து அரை மணி கழித்துத்தான். மகள் கல்யாணப் பேச்சு முடிந்த அன்று சம்பந்தி வீட்டில் வற்புறுத்தி ஊட்டிய மைசூர்பாகு ஒரே துண்டுதான். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து, சட்டை நனைய வேர்த்து, உள் அறையில் போய்ப் படுத்துவிட்டார். டம்ப்பிங் என்கிறார்கள். இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்குவதால் வருவது.

மாத்திரைகள் அவருக்கு ஆயுசுக்கும் உண்டு. இரும்புச்சத்தும் கால்சியமும் ஒன்றாகப் போடக்கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். பி12, வைட்டமின் டி, மல்டிவைட்டமின் தனி. தோள்பட்டை வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் கொடுத்தார்கள், வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பைபாஸ் செய்தவர்களுக்கு அந்த ரக வலி மாத்திரைகளால் இணைப்பில் புண் வரும். இத்தனையையும் அவர் முகம் சுளிக்காமல் செய்கிறார். தினம் இரண்டு ஊசியும், சிறுநீரகம் போய்விடுமோ என்ற பயமும் இருந்தவருக்கு இது தாங்கக்கூடிய விலை.

இனி என் கதை. மாமாவின் ஆறாவது மாதப் பரிசோதனைக்குக் கூடப் போனபோது வரவேற்பில் இருந்த பெண் "நீங்களும் சும்மா ஏறி நின்னு பாருங்க மேடம், ஃப்ரீதான்" என்று உடல் கொழுப்பு அளக்கும் இயந்திரத்தில் நிறுத்தினார். அடுத்த பத்து நிமிடத்தில் ஆலோசகர் அறையில் இருந்தேன். "பிஎம்ஐ 27.5 தாண்டியாச்சுங்க. நம்ம ஆசிய உடம்புக்கு இதுதான் லிமிட். நீங்க எலிஜிபிள். ஸ்லீவ் பண்ணிக்கலாம், மூணு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம், இந்த மாசத்துக்குள்ள அட்வான்ஸ் கட்டினா முப்பதாயிரம் குறையும், மீதிக்குத் தவணையும் இருக்கு." சர்க்கரை எவ்வளவு, நெஞ்செரிச்சல் உண்டா, இதுவரை எடை குறைக்க என்ன செய்தீர்கள், ஒன்றையும் அவர் கேட்கவில்லை.

அவர் சொன்ன எண் பொய்யில்லை. அதனால்தான் இது ஆபத்து. 2022இல் பருமன் அறுவை சிகிச்சை நிபுணர்களின் அமெரிக்க அமைப்பும் சர்வதேச அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில், ஆசியர்களுக்கு 27.5க்கு மேல் இந்தச் சிகிச்சையை முன்வைக்கலாம் என்றுதான் இருக்கிறது. ஆனால் 2016இல் சர்க்கரை நோய் அமைப்புகளும் சேர்ந்து உருவாக்கிய வழிகாட்டுதலில் அதே 27.5க்குப் பக்கத்திலேயே நிபந்தனை இருக்கிறது: மருந்து கொடுத்தும் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு, பரிசீலிக்கலாம். குறைந்த எடையிலேயே வயிற்றிலும் கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வந்துவிடுவதால்தான் நமக்கு எல்லையை இறக்கினார்கள். நோயை வைத்து இறக்கிய எல்லையை, நோய் இல்லாதவர்களிடம் பேக்கேஜ் விற்கப் பயன்படுத்துவது அநியாயம். எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

என் நிலைமைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பது. வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது. உயிர் ஆபத்து ஆயிரத்தில் ஒன்று அளவுதான், பித்தப்பை ஆபரேஷனைவிட அதிகமில்லை. தையல் கசிவு அபூர்வம். இவை எனக்குப் பெரிய பயமில்லை. ஆனால் கிடைப்பது என்ன? ஸ்லீவில் வழக்கமாக மொத்த எடையில் கால் பங்கு குறையும். எனக்கு அது பதினெட்டு கிலோ. எனக்குத் தேவையானது அவ்வளவு இல்லை. ஹெச்பிஏ1சி 5.9, சர்க்கரையின் வாசலில் நிற்கிறேன், உள்ளே போகவில்லை. கல்லீரல் கொழுப்புக்கு ஏழு முதல் பத்து சதவீத எடை குறைந்தாலே நல்ல பலன் தெரியும். அதாவது ஐந்து முதல் ஏழு கிலோ. அதற்காக ஆயுள் முழுக்க பி12 கணக்கும், முடி கொட்டுவதும், வேகமாக இளைப்பதால் வரும் பித்தப்பைக் கல்லும், மாதவிடாய் நிற்கப்போகிற வயதில் எலும்புத் தேய்மானமும் எதற்கு?

ஆலோசகரோடு நிறுத்தாமல், 800 ரூபாய் கட்டி அதே அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்த்தேன். இந்த விமர்சனத்தைப் படிப்பவர்கள் யாராவது யோசனையில் இருந்தால் இதை மட்டும் தவறாமல் செய்யுங்கள். அவர் கேட்ட முதல் கேள்வியே நெஞ்செரிச்சல் பற்றித்தான். உண்டு என்றேன், ராத்திரி இரண்டு தலையணை வைத்துத்தான் படுப்பேன். "அப்ப ஸ்லீவ் உங்களுக்கு ஆகாதும்மா, எரிச்சல் அதிகமாகும். பைபாஸ் பண்ணற அளவுக்கு உங்களுக்கு நோயும் இல்லை. முதல்ல சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் ஒரு நல்ல டயட்டீஷியன்கிட்ட ஒழுங்கா பாருங்க. சர்க்கரை வந்து மருந்துக்கு அடங்கலைன்னா அப்ப வாங்க, பேசலாம்." வெளியே ஆலோசகர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார், உள்ளே டாக்டர் வேண்டாம் என்கிறார். அந்த நிர்வாகம் இந்த இரண்டு அறைகளையும் ஒருநாள் உட்கார்ந்து பேச வைக்க வேண்டும்.

எடை குறைக்கும் ஊசி மருந்து பற்றியும் டாக்டரிடமே கேட்டேன். மௌன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இந்தியாவுக்கு வந்துவிட்டன. ஆராய்ச்சிகளில் வெகோவியில் இருக்கும் செமாக்ளுடைட் சுமார் 15 சதவீதமும், மௌன்ஜாரோவில் இருக்கும் டிர்செபடைட் அதிக அளவில் 20 சதவீதம் வரையும் எடையைக் குறைத்திருக்கின்றன. என்னைப் போன்றவர்களுக்குக் கத்திக்கு முன்னால் இப்படி ஒரு படி இருப்பது நல்ல விஷயம். ஆனால் நிறுத்தினால் எடை திரும்புகிறது, மாதா மாதம் ஆயிரக்கணக்கில் செலவு. கையிலிருப்பதை முதலில் செய்து பாருங்கள், அப்புறம் ஊசி என்றார். சரி என்றேன். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வும் எனக்குத் தைரியம் கொடுத்தது. என்னைப் போல வாசலில் நின்ற நம் ஊர்க்காரர்களுக்கே சாப்பாடும் நடையும் மூன்று வருடத்தில் சர்க்கரை வருவதை 28.5 சதவீதம் குறைத்திருக்கிறது.

டயட்டீஷியன் அந்த மருத்துவமனையின் சொத்து. மாமாவுக்குப் பருப்புத் தண்ணீர், மோர், புரதப் பவுடர் என்று வாரம் வாரியாக எழுதிக் கொடுத்தவர் அவர்தான். எனக்குக் கேழ்வரகுக் களியை நிறுத்தச் சொல்லவில்லை, அளவைக் குறைத்துக் கூடவே கொள்ளோ முட்டையோ சேர்க்கச் சொன்னார், வாரம் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி. இப்போது 68 கிலோ. அடுத்த ஸ்கேன் வரும் மாதம்.

அறுவை சிகிச்சைக் குழுவுக்கும் டயட்டீஷியனுக்கும் ஐந்துக்கு ஐந்து. செவிலியர்கள் நல்லவர்கள், ஆனால் ராத்திரியில் ஆள் போதவில்லை. ஆலோசகர் அறைக்கு ஒன்று. பேக்கேஜ் தொகையில் அறை, ஆபரேஷன், ஸ்டேப்ளர் எல்லாம் அடங்கும் என்பார்கள். அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அப்புறம் வருடத்துக்கு ஒரு முறை எடுக்கும் ரத்தப் பரிசோதனையும் மாதாமாதம் வாங்கும் வைட்டமின்களும் அதில் இல்லை. மாமாவுக்கு மாத்திரைக்கு மட்டும் மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் ஆகிறது. அட்வான்ஸ் கட்டும் முன்பே இதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.