'ரீஃப் சேஃப்' பாட்டிலும் ஒரு வெறும் தொட்டியும்: நான்கு வருஷ அனுபவம்

400 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. பவளத்தில் ஹேமர், சோவாந்திட், ஒரு பெரிய லெதர் கோரல். மீனில் இரண்டு கோமாளி மீன், ஒரு மஞ்சள் டாங், ஒரு கோரல் பியூட்டி ஏஞ்சல். நான்கு வருஷத்தில் இதற்காக வாங்கியதில் உருப்படியாக உழைத்தது எது, அலமாரியில் தூங்குவது எது என்று யாராவது கேட்டால் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

முதலில் அலமாரியில் தூங்குவது. 'பவளத்துக்குப் பாதுகாப்பானது' என்று முகப்பில் பெரிதாகப் போட்ட ஒரு மருந்து, மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்கு. மூடியைத் திறந்தால் மிளகு ரசம் வைத்த அடுக்களை மாதிரி ஒரு நெடி.

தொட்டி வைத்த எட்டாம் மாதம் மஞ்சள் டாங்கை வாங்கி, பையை ஒரு மணி நேரம் மிதக்கவிட்டு, நேராக உள்ளே விட்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்த குவாரன்டைன் அவ்வளவுதான். ஐந்தாம் நாள் காலை விளக்கு வந்ததும் பார்க்கிறேன், துடுப்பில் பொடியுப்பு தூவினாற்போல ஏழெட்டுப் புள்ளி. பாறை ஓரமாக வந்து, சட்டென்று சாய்ந்து, விலாவை ஒரு உரசு உரசிவிட்டு ஓடுகிறது. பாட்டிலில் சொன்ன அளவுப்படி தினமும் ஊற்றினேன். நான்காம் நாள் புள்ளி ஒன்றுகூட இல்லை. தெரிந்தவர்களிடமெல்லாம் அந்த மருந்தைப் புகழ்ந்து தள்ளினேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஏனென்றால் புள்ளி எப்படியும் உதிர்ந்திருக்கும். கிரிப்டோகேரியான் என்ற அந்த ஒட்டுண்ணி மீன் உடம்பில் இருப்பது மூன்றிலிருந்து ஏழு நாள். பிறகு தானே உதிர்ந்து, மணலிலோ பாறையிலோ ஒட்டி ஓடு கட்டிக்கொள்ளும். அதற்குள்ளேயே பிளந்து பிளந்து பெருகி, நூற்றுக்கணக்கில் குஞ்சுகளாக வெளியே நீந்தி அடுத்த மீனைத் தேடும். மருந்து ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் நடுவில் இப்படி ஒரு 'குணமான' வாரம் வரும். அந்த வாரத்தை வைத்துத்தான் பல பாட்டில்கள் நல்ல பேர் வாங்குகின்றன என்பது என் எண்ணம். பன்னிரண்டாம் நாள் எல்லா மீனிலும் புள்ளி. அப்போது இருந்த ஃபயர்ஃபிஷ் என்ற சின்ன மீன் ஒன்று செத்தது.

நாம் நினைத்துப் பார்க்காத விஷயம் ஒன்று உண்டு. அந்த ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவுக்குக் காரமான காப்பர் (செம்பு) மருந்து பவளத்தையும் இறாலையும் நத்தையையும் சேர்த்தே கொல்லும். போதாததற்குப் பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கசியவிடும். உப்பை (ஒப்படர்த்தி அளவில்) 1.009 வரை இறக்கும் வைத்தியமும் அப்படித்தான். மீன் தாங்கும், பவளம் தாங்காது. ஆகவே பவளம் இருக்கும் தொட்டிக்குள் வைத்தே மீனுக்கு வைத்தியம் பார்க்கலாம் என்ற ஆசையை விட்டுவிடுவது நல்லது.

உருப்படியாக உழைத்தது வேறொன்று: 60 லிட்டர் வெறும் தொட்டி. மணல் இல்லை, பாறை இல்லை. ஒளிந்துகொள்ள நாலு பிவிசி குழாய்த் துண்டு, ஹீட்டர், காற்றுக் குழாய் போட்ட ஸ்பாஞ்ச் ஃபில்டர். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். அந்த ஸ்பாஞ்சை எப்போதும் பெரிய தொட்டியின் சம்பில் (வடிகட்டும் துணைத் தொட்டியில்) ஊறப்போட்டு வைத்திருக்கிறேன், தேவைப்படும் நாளில் பாக்டீரியாவோடு தயாராக இருக்கும். காப்பரில் ஒருமுறை ஊறியது மறுபடி சம்புக்குள் போகாது, புதிதாக ஒன்று போடுவேன். வலையும் வாளியும் அந்தத் தொட்டிக்கென்று தனி, கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன்.

கீலேட் வகைக் காப்பரை (தண்ணீரில் கரைந்தே நிற்க வேறொரு பொருளோடு பிணைத்தது) மூன்று நாலு நாளில் படிப்படியாக ஏற்றி 2 முதல் 2.5 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு) நிறுத்துவேன், 30 நாள். குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும், கூடினால் மீன் சாப்பிடாது. முதல் தடவை என்னிடம் இருந்தது வேறு வகைக் காப்பருக்கான டெஸ்ட் கிட். அதை நம்பி இரண்டு நாள் குருட்டுத்தனமாக ஓட்டினேன். உங்கள் காப்பருக்கு ஏற்ற கிட் கையில் இல்லாமல் தொடங்காதீர்கள். அமோனியாவைக் கட்டுகிற கரைசல்கள் சில காப்பரோடு சேர்ந்தால் மீனுக்கே விஷமாகிவிடும். அமோனியா ஏறினால் தண்ணீர் மாற்றுவதோடு சரி, மாற்றும் தண்ணீரிலும் அதே அளவு காப்பர் இருக்க வேண்டும்.

மீன்கள் அங்கே இருக்க, பெரிய தொட்டி 76 நாள் காலி. மீன் கிடைக்காத ஒட்டுண்ணி அதற்குள் செத்துப்போகும் என்பது நம் வட்டாரத்தில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. எல்லோரும் மீனைப் பற்றியே பேசுகிறார்கள், அந்த 76 நாளில் பவளம் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. தீனி போடுவதில்லை, கழிவும் இல்லை. மூன்றாம் வாரம் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம். சோவாந்திட் வெளிறியது. மணல் மேல் பழுப்பு நிறத்தில் கோழை மாதிரி, குமிழி குமிழியாக ஒன்று படர ஆரம்பித்தது: டைனோ (டைனோஃபிளாஜெல்லேட்) என்ற நுண்ணுயிர். பிறகுதான் மீன் இல்லாத தொட்டிக்கும் தினமும் கொஞ்சம் உறைந்த மைசிஸ் (பொடி இறால் மாதிரித் தீனி) கரைத்து ஊற்றினேன், ஹேமரின் வாய்க்கு நேராகப் பிபெட்டால் கொடுத்தேன், கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரை ராத்திரி மட்டும் ஓட்டினேன். நைட்ரேட் 5க்கு வந்ததும் நிறம் திரும்பியது. கார்பனேட் கடினத்தன்மையை 8.5 டிகேஹெச்சில் (அதை அளக்கும் அலகு) அசையாமல் பிடித்துவைத்தேன். ஒரு லாபம், கண்ணாடி முழுக்கக் கோபிபாட் என்ற பொடி ஓட்டுயிர்கள் ஓடி விளையாடின.

யூவி விளக்கும் உண்டு. தண்ணீர் பளிச்சென்று இருக்கிறது. அதன் வழியாகப் போகிற குஞ்சைக் கொல்லும், போகாததை என்ன செய்யும்? 

இத்தனையும் செய்து முடித்த அடுத்த வருஷம் மறுபடி புள்ளி. புது மீன் எதுவும் வாங்கவில்லை, வாங்கியது விரலளவு பவளத் துண்டு ஒன்றுதான். அயோடின் குளியல் கொடுத்து, பூச்சி பார்த்து, உள்ளே வைத்தேன். அந்தக் குளியல் தட்டைப்புழுவுக்குப் பிரயோஜனம், துண்டின் அடிக்கட்டையில் ஓடு கட்டி ஒட்டியிருக்கும் கிரிப்டோகேரியானுக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கட்டை முன்பு இருந்தது மீன் உள்ள தொட்டித் தண்ணீரில். மறுபடி காப்பர், மறுபடி 76 நாள். இப்போது புதிதாக வரும் பவளத்துக்கும் நத்தைக்கும் மீன் இல்லாத சின்னத் தொட்டி ஒன்று, விளக்கோடு. வீட்டில் இருப்பவர்கள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள், இது மூன்றாவது தொட்டி.

அதற்குப் பிறகு இரண்டு வருஷமாகப் புள்ளி இல்லை. கோரல் பியூட்டி இந்த இரண்டு வருஷத்தில் வந்ததுதான். 30 நாள் காப்பரில் ஒரு வேளை தீனியைக்கூட விடவில்லை, பளபளவென்று பெரிய தொட்டிக்குப் போனது. போன மூன்றாம் நாள் சோவாந்திட்டைக் கொறிக்க ஆரம்பித்தது. தினமும் ஒரு தலை (கொத்தில் ஒரு பூ), ஒரே ஒரு தலை. நோரி (உலர்ந்த கடற்பாசித் தாள்) கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், அதையும் தின்கிறது, இதையும் தின்கிறது.