“ஒரிஜினல் சிஸ்டத்த தொடவே இல்ல ப்ரோ”: பழைய ஸ்விட்ச் வாங்கப் போறவங்க கவனத்துக்கு

சென்னையில் செகண்ட் ஹேண்ட் நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம் மெஷின் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். கடைப் பெயரைப் போட்டு வம்பு வளர்க்கப் போவதில்லை. ஏமாற்றும் விதம் தெரிந்தால் போதும்.

நான் கேட்டது 2017 மாடல். அதிலுள்ள டெக்ரா எக்ஸ்1 சிப்பின் பூட்ராமில், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும் கோடில், இருந்த பாதுகாப்பு ஓட்டை 2018 ஏப்ரலில் வெளியே வந்தது. சிப்பிலேயே பதிந்த கோட், அப்டேட் விட்டு அடைக்க முடியாது. எப்போதும் ஹேக் செய்யலாம், அதனால்தான் பழைய மாடலுக்குக் கிராக்கி. கடைக்காரர் ஆன் செய்து காட்டினார். அட்மாஸ்ஃபியர் என்ற ஹேக் சிஸ்டம் ஓடியது. செட்டிங்ஸில் வெர்ஷன் எண்ணின் கடைசியில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து, அதாவது எமுநேண்ட், மெமரி கார்டிலிருந்து ஓடும் நகல் சிஸ்டம். “ஹேக் எல்லாம் மெமரி கார்டோட சரி. ஒரிஜினல் சிஸ்டத்த தொடவே இல்ல ப்ரோ. அதுல தாராளமா ஆன்லைன் போலாம்” என்றார்.

எமுநேண்ட் பற்றிச் சொன்னது சரிதான். மெஷினுக்குள் இருக்கும் 32 ஜிபி சேமிப்பை அப்படியே கார்டில் நகலெடுத்துவிட்டு, சிஸ்டம் எதைப் படித்தாலும் எழுதினாலும் கார்டுப் பக்கம் திருப்பிவிடுவார்கள். ஆனால் அதைப் போடுவதற்கு முன்னால் உள்ளே என்னென்ன கூத்து நடந்தது என்பதற்கு எமுநேண்ட் சாட்சி சொல்லாது.

இன்னொன்று: ஆட்டோஆர்சிஎம் போட்டு வைத்திருந்தார்கள். ஹேக்கை உள்ளே அனுப்பும் ஆர்சிஎம் என்ற ரெக்கவரி மோடுக்கு, ஜிக் என்ற சின்னக் கருவியைச் செருகாமலே ஒவ்வொரு முறையும் தானாகப் போக வசதியாம். யாருக்கு வசதி? பவர் பட்டனை அழுத்தினால் கருப்புத் திரைதான். கம்ப்யூட்டரிலிருந்தோ மொபைலிலிருந்தோ பேலோட் என்ற சின்ன புரோகிராமை அனுப்பாமல் எதுவும் பூட் ஆகாது. வாங்குகிறவர் கண்ணில் ஒரிஜினல் சிஸ்டம் படவே படாது.

வாங்கி வந்து, வீட்டில் ஹெகாட்டே என்ற பூட்லோடர் மூலம் ஒரிஜினல் சிஸ்டத்தை பூட் செய்து, நிண்டெண்டோவின் ஆன்லைன் கடையான ஈஷாப்பைத் தொட்டதும் 2124-4007 என்று வந்தது. நிண்டெண்டோ தடை செய்த மெஷினில் வரும் எண் அது. தடை விழுவது மெஷினுக்கென்றே உள்ள சான்றிதழ் மீது. ஃபேக்டரி ரீசெட், புது அக்கவுண்ட் எதுவும் உதவாது. எமுநேண்ட் நகல்தானே, அதிலும் அதே சான்றிதழ்தான். ஏற்கெனவே தடை விழுந்த மெஷினில் கார்டைச் செருகி ‘தொடாத மெஷின்’ விலைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

அடுத்தது கார்டு. கொஞ்ச நாளில் கேம்கள் எரர் காட்ட ஆரம்பித்தன, பிறகு எமுநேண்டே பூட் ஆகவில்லை. கார்டின் உண்மையான அளவைச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ போட்டுப் பார்த்தால், 256 ஜிபி என்று அச்சடித்த கார்டில் உண்மையில் இருந்தது 64. அதைத் தாண்டி எழுதியதெல்லாம் காற்றில். ஸ்விட்ச்சில் சேவ் ஃபைல்கள் சிஸ்டம் சேமிப்பில்தான் உட்காரும். எமுநேண்டில் சிஸ்டம் சேமிப்பே கார்டு. போலிக் கார்டோடு சேவ் மொத்தமும் போச்சு.

எனக்கு உண்மையில் வயிறு எரிந்தது பேக்கப் விஷயத்தில்தான். கேட்டதும் பென் டிரைவில் ஒரு ரா-நேண்ட் ஃபைலை (மெஷினின் உள் சேமிப்பின் முழு நகல்) போட்டுக் கொடுத்து, “பிரச்சனைன்னா இத ரீஸ்டோர் பண்ணிக்கோங்க” என்றார்கள். லாக்பிக் ஆர்சிஎம் என்ற டூலில் என் மெஷினின் என்கிரிப்ஷன் கீகளை எடுத்து, அந்த ஃபைலை என்எக்ஸ்நேண்ட்மேனேஜர் என்ற கம்ப்யூட்டர் புரோகிராமில் திறந்தேன். பொருந்தவில்லை. வேறு ஏதோ மெஷினின் பேக்கப்! ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்கும் கீ தனித்தனி. அதை ரீஸ்டோர் செய்திருந்தால், ஓடிக்கொண்டிருந்த ஒரிஜினல் சிஸ்டமும் படுத்திருக்கும். கார்டு விஷயத்திலாவது தெரியாமல் வாங்கினோம் என்று சாக்கு சொல்லலாம், இதற்கு என்ன சொல்வார்கள்?

திரும்பப் போய்க் கேட்டதற்கு, “ஹேக் பண்ண மெஷினுக்கு யாரும் கேரண்டி தர மாட்டாங்க ப்ரோ, வேணும்னா வேற கார்டு தரேன்” என்றார். பணம் வரவில்லை.

வாங்குகிறவர்கள் கடையிலேயே, உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில், ஒரிஜினல் சிஸ்டத்தை பூட் செய்து ஈஷாப் திறந்து காட்டச் சொல்லுங்கள். “ஸ்டாக்ல (ஒரிஜினல் சிஸ்டத்துல) போனா பேன் ஆயிடும்” என்று மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். கார்டு உங்களுடையதாக இருக்கட்டும், சோதித்த பிறகு எஃப்ஏடி32-இல் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்; எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு ஃபார்மேட் ஸ்விட்ச்சில் டேட்டாவைக் கெடுக்கும் வழக்கம் உள்ளது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கடை கொடுத்த பேக்கப்பை ரீஸ்டோர் செய்யவே செய்யாதீர்கள். ஹெகாட்டேயில் பூட்0, பூட்1 (பூட் ஆவதற்கான பகுதிகள்), ரா-நேண்ட் மூன்றையும் உங்கள் மெஷினிலிருந்தே எடுத்து கம்ப்யூட்டரில் வையுங்கள். சேவ் ஃபைல்களை பேக்கப் எடுக்க ஜேகேஎஸ்வி என்ற ஆப் இருக்கிறது.